வேலை சொல்லும் பெஞ்சு

பூவரசம்பட்டுக் கள்ளுக்கடையின் பெஞ்சிலிருந்து தெய்வசிகாமணியால் எழுந்திருக்க முடியாமல் போனது மார்கழி மாதம் பதினோராம் நாள், பகல் இரண்டு மணி சுமாருக்கு. அன்று கள் புளிப்பு ஏறாமல் பதமாக இருந்தது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை அவித்துச் சூடாக இருந்தது, ஏரிப்பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, ஆகையால் அவன் எழுந்திருக்கவில்லை என்பதை முதல் ஒரு மணி நேரம் யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனும் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் பாகூருக்குத் தெற்கே, புதுச்சேரி எல்லை முடிகிற இடத்தில் இருக்கிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கள் இறக்கலாம், அந்தப் பக்கம் இறக்கக் கூடாது; இது வாய்க்கால் தண்ணீருக்குத் தெரியாது, கரையில் நிற்கும் தென்னைகளுக்கும் தெரியாது, ஆனால் அந்தப் பக்கத்து ஆண்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். கீற்றுக் கொட்டகை, மண்தரை, மூலையில் நுரை தள்ளிக்கொண்டு நாலு பானை, வாசலில் ஒரு மூங்கில் கால். கடையை நடத்துகிற உரிமம் பல கை மாறி இப்போது கலியமூர்த்தியிடம் இருக்கிறது. மாறாதது அந்தப் பெஞ்சு மட்டும்தான், ஒரே பலகை, கால்கள் நாலும் முழ ஆழத்துக்கு மண்ணில் புதைத்தது, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழவழவென்று பள்ளம் விழுந்தது.

அந்தப் பெஞ்சில் ஆறு பேர் உட்காரலாம். ஏழாவதாக ஒருத்தன் வந்தால் அவன் நின்றுகொண்டு வேலை சொல்ல வேண்டும். அதாவது, அன்று விடிந்ததிலிருந்து தான் என்ன செய்தான், எவ்வளவு சுமந்தான், எத்தனை நடை நடந்தான் என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஆறு பேரும் மொந்தையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். கேட்டு முடிந்ததும், ஆறு பேரில் எவனுக்குத் தன் அலுப்பு வந்தவனுடைய அலுப்பைவிடக் குறைச்சல் என்று படுகிறதோ அவன், யாரும் சொல்லாமலே, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவான். யார் போட்ட சட்டம் என்று தெரியாது. வெளியே சாதி கேட்பார்கள், பங்காளிச் சண்டை பேசுவார்கள், எந்தக் கட்சி என்று பார்ப்பார்கள். கொட்டகைக்குள் வேலை மட்டும்தான் கேட்பார்கள். பூக்கட்டுகிற ஒருத்தன் ஒருமுறை வந்து, நாலு முழம் கதம்பம் கட்டி விரலெல்லாம் நோகிறது என்றபோது சிரிப்பில் ஒருவனுக்குப் புரை ஏறிவிட்டது, இருந்தாலும் அன்று காலையிலிருந்து ஒன்றுமே செய்யாத ஒருத்தன் பெஞ்சில் இருந்தான், அவன் எழுந்து பூக்காரனுக்கு இடம் கொடுத்தான். எங்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. காவல் நிலையத்தில் பொய் சொல்வோம், கல்யாணத்தில் பொய் சொல்வோம், பெஞ்சுக்கு முன்னால் சொல்வதில்லை என்று சொல்லிக்கொள்வோம்.

வேலை சொல்வதில் தெய்வசிகாமணியை அடிக்க ஆளில்லை. நல்ல உயரம், தலைமுடி கறுப்பாகவே இருந்தது, குரல் தாழ்ந்து ஒரே சீராக வரும். அவன் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவர்களுக்கே தோள் வலிக்க ஆரம்பித்துவிடும். அன்றும் அப்படித்தான் வந்து நின்றான்.

"நாலு மணிக்கு ஏந்தேன். ரெண்டு மாட்டையும் கறந்து, சொசைட்டியில பால ஊத்திட்டு வந்து, சாணி அள்ளி, தொட்டிக்குத் தண்ணி எறைச்சேன். மல்லாட்டைக் கொல்லையில உச்சிப்பொழுது வரைக்கும் களை வெட்டினேன். வரப்புல புல்லு அறுத்து ஒரு கட்டு கட்டினேன். தூக்கிவுட ஆளில்ல. வரப்பு மேல வச்சு நானே தலையில ஏத்திக்கினு வந்தேன். வழியில கால்ல முள்ளு ஏறிடுச்சு. குனிஞ்சா கட்டு சரிஞ்சுடும். முள்ளோடவே நடந்து வந்தேன்."

கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். காலையிலிருந்து கலவை சுமந்த சித்தாள் ஒருத்தன் எழுந்து இடம் விட்டான். தெய்வசிகாமணி நடுப்பள்ளத்தில் உட்கார்ந்தான், விரலை மொந்தையில் நனைத்து ஒரு சொட்டை மண்ணில் தெளித்தான், குடித்தான், கதை கேட்டான், கதை சொன்னான். அடுத்து வந்த மரமேறி வேலை சொன்னபோது, மூன்று மொந்தை ஆகிவிட்டதால் தானே இடம் விடலாம் என்று கையை ஊன்றினான். கை ஊன்றியது. கால் ஊன்றியது. ஆள் மட்டும் எழவில்லை.

"என்னடா, போதையா?" என்றார் சொல்தா ராயப்பன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். இவருக்கு எண்பது வயது, பெஞ்சின் மேற்கு முனை இவருடையது, பாலைவனத்தில் பதினேழு நாள் நடந்த அலுப்பைச் சொல்லி அந்த இடத்தைப் பிடித்தவர், அதற்கு மேல் யாரும் அவரை வேலை கேட்டதில்லை.

"போதை இல்ல சொல்தா. ஏந்திரிக்க வரல."

"வலிக்குதா?"

"ஒண்ணும் வலிக்கல. வரல, அவ்ளோதான்."

இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். பிறகு நாலு பேர் இழுத்தார்கள். பிறகு, பொழுது இருக்கிறது, எங்கே போய்விடப்போகிறான் என்று அவரவர் மொந்தைக்குத் திரும்பினார்கள். கடை சாத்துகிற நேரம் வந்ததும் கலியமூர்த்தி அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினான், ஒரு போர்வையும் கொசுவத்தியும் வைத்துவிட்டுப் படலைச் சாத்திக்கொண்டு போனான். மறுநாள் காலை அவன் அங்கேயே இருந்தான்.

ஆரம்பச் சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் வந்து முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கால் துள்ளியது, கால் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு இரண்டு கை மல்லாட்டை வாங்கிக்கொண்டு போனார். அய்யனார் கோயில் பூசாரி வந்து திருநீறு போட்டு, எந்தச் சேட்டையும் இல்லை, இது வேறு கணக்கு என்றார். ஆசாரி ரம்பத்தோடு வந்து பெஞ்சுக்காலில் இரண்டு இழுப்பு இழுத்தார், தெய்வசிகாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இங்க அறுக்குதுங்க என்று அழுதான், ஆசாரி ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, மரம் அறுக்கத்தான் எனக்குத் தெரியும் என்று போய்விட்டார். கள்ளுக்கடைகளைச் சோதிக்க வருகிற அதிகாரி, கடை மூடின பிறகு உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்று விதி சொன்னார். கலியமூர்த்தி நிலைமையை எடுத்துச் சொன்னதும் சிறிது நேரம் யோசித்து, தெய்வசிகாமணியைத் தளவாடச் சாமான்களோடு சேர்த்து எழுதிக்கொண்டார், பானைக்குப் பிறகு, வடிகட்டிக்கு முன்னால். குளிக்க வைக்க, மற்றதற்கெல்லாம் பின்பக்கம் தட்டி கட்டி ஏற்பாடு ஆயிற்று, அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

தினமும் உச்சிவேளைக்கு அவன் மனைவி அஞ்சலாட்சி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். ஒல்லியான பெண்பிள்ளை, நடையில் ஒரு கால் லேசாகச் சாயும். பொம்பளைகள் கொட்டகைக்குள் வருவதில்லை, அதற்கும் சட்டம் யார் போட்டார்கள் என்று தெரியாது. அவள் வாசல் மூங்கில்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள், கலியமூர்த்தி வந்து வாளியை வாங்கிப்போய்க் கொடுப்பான், அவன் தின்று முடிக்கும் மட்டும் அவள் வெயிலில் நின்று காலி வாளியை வாங்கிக்கொண்டு போவாள். ஒரு நாளும் ஏன் இப்படி ஆயிற்று என்று அழவில்லை, திட்டவும் இல்லை. அதற்கு அவளுக்கு நேரம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நாங்கள் அவளை நல்ல பொறுமைசாலி என்று சொன்னோம்.

அப்போதெல்லாம் எங்களுக்கு வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருப்பவன் எப்போது எழுவான்? தன்னைவிட அலுத்தவன் வந்தால் எழுவான். அப்படியானால் தெய்வசிகாமணியைவிட அலுத்தவன் ஒருத்தன் வர வேண்டும், அவ்வளவுதானே. உடனே ஆள் தேட ஆரம்பித்தோம். ஒரே நாளில் ஒரு காணிக் கரும்பை வெட்டிச் சாய்த்த அண்ணன் தம்பிகளைக் கூட்டிவந்தோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கச் செங்கல் சூளையிலிருந்து நெருப்புத் தள்ளுகிறவனைக் கூட்டிவந்தோம். இரண்டு நாள் தூங்காமல் மேல்தளம் போட்ட மேஸ்திரியைக் கட்டடத்திலிருந்து அப்படியே கைத்தாங்கலாக அழைத்துவந்தோம், அவன் வேலை சொல்லிக்கொண்டே நின்ற நிலையில் தூங்கிப்போனான். கடைசியில் சொல்தாவே தன் இடத்தை விட்டு எழுந்து வந்து பாலைவனத்துப் பதினேழு நாளையும் மறுபடி சொன்னார், ஒட்டகம் செத்தது வரைக்கும் சொன்னார், கேட்ட எங்களுக்கு நாக்கு வறண்டது. தெய்வசிகாமணி கையை ஊன்றிப் பார்த்தான். அசையவில்லை.

"இவன் அலுப்பு என் அலுப்பத் தூக்கிச் சாப்புடுதுடா" என்றார் சொல்தா. சொல்லிவிட்டு மேற்கு முனைக்குப் போய் உட்கார்ந்தார்.

அதிலிருந்து தெய்வசிகாமணிக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. உலகத்திலேயே அலுத்துப்போன மனுசன் எங்கள் ஊரில் இருக்கிறான் என்று பேச்சுப் பரவி, கடலூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வாய்க்கால் தாண்டி வந்து, ஒரு மொந்தையை அவன் முன்னால் வைத்து, ஐயா நீங்க செஞ்ச வேலைய ஒருதரம் சொல்லுங்க என்று கேட்டார்கள். அவனும் முதலில் உற்சாகமாகச் சொன்னான். போகப்போகக் குரல் இறங்கியது. விடியற்காலை நாலு மணிக்கு அவனுக்கு முழிப்பு வந்துவிடுகிறது, விரல் கணுக்களெல்லாம் பால் கறந்த மாதிரி வீங்கி வலிக்கிறது, உச்சியில் பாரம் வைத்த மாதிரிக் கழுத்து அமுங்குகிறது, வலது உள்ளங்காலில் முள் குத்துகிற இடம் ஒன்று இருக்கிறது, குனிந்து பார்த்தால் முள் இல்லை. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வெகுநாள் கழித்துக் கலியமூர்த்தியிடம் சொன்னான், கலியமூர்த்தி எங்களிடம் சொன்னான்.

தை பிறந்ததும் ஒரு சிக்கல் வந்தது. தெய்வசிகாமணிக்கு ஒரே பெண், வினோதினி, நர்சுக்குப் படித்தவள். நெட்டப்பாக்கம் பக்கத்தில் ஒரு பையனோடு பேசி முடித்திருந்தார்கள், தை இருபதாம் தேதி நிச்சயதார்த்தம். பையனும் பெண்ணும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை, அவர்களாகவே விருப்பப்பட்டு வீட்டில் சொன்னது, அந்தப் பெண் அதைப் பற்றிப் பேசும்போது முகம் வேறு மாதிரி ஆகிவிடும். பையனின் பெரியப்பா நேரில் வந்து கொட்டகையை எட்டிப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், தெய்வசிகாமணி உட்கார்ந்தபடி கும்பிட்டதைப் பார்த்தார்.

"பொண்ணோட அப்பா நின்னு தட்டு மாத்தணும். அதுதான் மொறை. கள்ளுக்கடையில ஒட்டிக்கினு கெடக்குற ஆளு வூட்டுல நாங்க எப்படிக் கை நனைக்கிறது? இருபதாந்தேதி ஏந்து நின்னாருன்னா பாக்கலாம். இல்லன்னா எங்களத் தப்பா நெனைக்காதீங்க."

வினோதினி அன்று சாயந்தரம் வாசல் மூங்கில்காலுக்கு வெளியே நின்று, உள்ளே பார்த்து, "அப்பா, எப்படியாவது ஏந்திருப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தெய்வசிகாமணி மொந்தையைத் தள்ளி வைத்தான், அதற்குப் பிறகு குடிக்கவே இல்லை. கள் வேண்டாம் என்று சொல்கிற ஆள் கள்ளுக்கடையில் உட்கார்ந்தே கிடப்பதைப் பார்த்து நாங்களும் ஒரு மொந்தையோடு நிறுத்திக்கொண்டோம். திருக்கனூரில் ஒருத்தன் கிணறு வெட்டுகிறான், அவனைக் கூட்டிவரலாம் என்றோம். கூட்டிவந்தோம். அவனும் போனான்.

பத்தொன்பதாம் தேதி வந்தது. உச்சி சாய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மறுநாள் விசேஷம், ஆனால் நடக்குமா என்று யாருக்கும் தெரியாது. அஞ்சலாட்சி தூக்குவாளியோடு வந்து மூங்கில்காலைப் பிடித்தாள். கலியமூர்த்தி இரண்டு கையாலும் பானையைச் சாய்த்து வடிகட்டிக்கொண்டிருந்தான், தோ வர்றேன் என்றான். சிறிது நேரம் நின்றாள். பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்தாள். வேகமாகவும் வரவில்லை, தயங்கியும் வரவில்லை, மழைக்கு ஒதுங்குகிறவள் மாதிரி வந்தாள். வாளியைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள்.

"செத்த குந்திக்கிறேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

பெஞ்சில் ஆறு பேரும் இருந்தோம். போ என்று சொல்ல வாய் வரவில்லை, வா என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்த நேரத்தில், நாற்பது வருசப் பழக்கதோஷத்தில், சொல்தாவின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"வேலை சொல்லணும்மா."

அவள் அவரைப் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்த்தாள், இல்லை என்று தெரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னா பெரிய வேல. நாலு மணிக்கு ஏந்தேன். ரெண்டு மாட்டையும் கறந்து சொசைட்டியில ஊத்திட்டு வந்தேன். சாணி அள்ளினேன். தொட்டிக்குத் தண்ணி எறைச்சேன்."

சித்தாள் தலையைத் தூக்கினான். மரமேறி கையிலிருந்த மொந்தையைக் கீழே வைத்தான்.

"மல்லாட்டைக் கொல்லையில பொழுது உச்சிக்கு வர்ற மட்டும் நின்னேன். வரப்புல புல்லு அறுத்தேன். தூக்கிவுட ஆளு ஏது? வரப்பு மேல வச்சு நானே தலையில ஏத்திக்கினேன். கால்ல ஒரு முள்ளு, பழைய முள்ளு, மார்கழியில ஏறுனது, உள்ளயே முறிஞ்சிபோச்சு. குனிஞ்சா கட்டு சரிஞ்சுடும். அப்படியே வந்துட்டேன்."

கொட்டகையில் நுரை உடைகிற சத்தம் கேட்டது. இத்தனை வருசமாக அந்தக் குரலில் கேட்ட வேலை, வரிசைகூட மாறாமல், இந்தக் குரலில் வந்துகொண்டிருந்தது. அவன் கொல்லை ஊருக்கு அப்பால் ஏரிக்கரை ஓரம் இருக்கிறது, யார் போய்ப் பார்த்தோம்? காலையில் அவன் பாகூர் டீக்கடையில் பேப்பர் படிப்பதைப் பார்த்திருக்கிறோம், வேலைக்கு நடுவில் வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டோம். நினைத்துக்கொள்ள எங்களுக்கும் சௌகரியமாக இருந்தது. பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம், ஏனென்றால் நானும்கூட அந்த வாரம் வேலை சொன்னபோது விறகு பிளந்ததாகச் சொல்லியிருந்தேன், கோடாலி பிடித்தது என் சம்சாரம்.

அவள் நிறுத்தவில்லை. தெய்வசிகாமணி சொல்லாத பாதி அதற்குப் பிறகுதான் வந்தது. சோறாக்கினது, நெல் அவித்தது, அவன் வேட்டியைத் துவைத்தது, நாளைக்கு வரச்சொல்லி இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கினது, மாப்பிள்ளை வீட்டார் வருவார்களா என்று கேட்டவர்களுக்கெல்லாம் வருவார்கள் என்று சொன்னது, மகள் தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி வாசல் தெளித்தது. சொல்லச்சொல்ல அவள் குரல் தாழவும் இல்லை உயரவும் இல்லை, சந்தைக்குச் சாமான் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள், நாங்கள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் வாய் மூடியபோது தெய்வசிகாமணி நின்றுகொண்டிருந்தான்.

எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. எங்களில் எவனும் எழுகிற மாதிரிதான் எழுந்திருக்கிறான், துண்டை உதறித் தோளில்கூடப் போட்டிருந்தான். முப்பத்தெட்டு நாள் உட்கார்ந்த கால் கொஞ்சமும் தடுமாறவில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தபடி நகர்ந்து இடம் விட்டான். அஞ்சலாட்சி அந்த நடுப்பள்ளத்தில் உட்கார்ந்தாள், முதுகைப் பின்தூணில் சாய்த்தாள், காலை நீட்டினாள், அப்பாடா என்றாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குள் கண்ணை மூடிவிட்டாள்.

மறுநாள் நிச்சயதார்த்தம் நடந்தது. விடிய நாலு மணிக்கு மாடு கத்தவே தெய்வசிகாமணி எழுந்து கறந்தான், ஒரு மாடு உதைத்தது. புளி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, தாம்பாளம் எங்கே என்று தெரியவில்லை, மகளுக்கும் பாதிதான் தெரிந்திருந்தது, இரண்டு தடவை கொட்டகைக்கு ஓடிவந்தான்.

"அஞ்சல, தாம்பாளம் எங்க வச்ச?"

"பரண்மேல. சாக்குல சுத்தி."

கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

பெண்ணின் அப்பா நின்று தட்டு மாற்றினான். முறை முறையாக நடந்தது. பையன் வீட்டார் கை நனைத்தார்கள். பாதிச் சாப்பாட்டில்தான் பையனின் பெரியப்பா, அந்தம்மா எங்கே காணோம் என்று கேட்டார். அலுப்பா இருக்குன்னு குந்தியிருக்கா என்றான் தெய்வசிகாமணி. சரி சரி என்று சொல்லி ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அப்பன் எழவில்லை என்றால் கல்யாணமே இல்லை என்று நின்ற மனுசருக்கு அம்மா எழாதது ஒரு பொருட்டாக இல்லை. எனக்கு அன்று அந்தச் சோறு இறங்கவில்லை, இறங்கவில்லை என்று சொல்லி எழுந்திருக்கவும் துணியவில்லை, சாப்பிட்டேன்.

பந்தி முடிந்ததும் வினோதினி புதுப்புடவையோடு கொட்டகைக்கு வந்து, அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் வைத்து, ஊசியால் அந்த முறிந்த முள்ளைத் தேடி எடுத்தாள்.

"ஏந்திரிக்க முடியலையாம்மா?"

அஞ்சலாட்சி யோசித்தாள்.

"ஏந்து பாக்கலடி" என்றாள்.

அதற்குப் பிறகு கடை மாறித்தான் போனது. முதல் சில நாள் ஆண்கள் எல்லாம் வேலிப்பக்கம் நின்றுகொண்டே குடித்தோம். அப்புறம் ஒருவர் ஒருவராகப் பெஞ்சின் இரண்டு ஓரத்துக்கும் திரும்பினோம், கெட்ட வார்த்தை குறைந்தது, கதை குறையவில்லை. சொல்தாவின் ஒட்டகக் கதையில் எங்கே பொய் வருகிறது என்று அவள் ஒரே நாளில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள், அவர் கோபிக்காமல் அந்த இடத்தைத் திருத்திக்கொண்டார். கலியமூர்த்தி ஒரு நாள் இனிப்பு மாறாத கள் ஒரு வாய் கொடுத்துப் பார்த்தான், குடித்துவிட்டு, இதுக்கா இம்மாம் பேச்சு என்றாள். அடுத்த நாளிலிருந்து அவளுக்கு டீ வரவழைத்தான். புல்லுக்கட்டோடு போகிற பெண்கள் முதலில் வாசலில் நின்று பேசினார்கள், பிறகு கட்டை இறக்கி வைத்துவிட்டுப் பேசினார்கள், பிறகு உள்ளே வந்து தரையில் காலை நீட்டிக்கொண்டு பேசினார்கள். யாரும் அவர்களை வேலை கேட்கவில்லை. கேட்டால் பெஞ்சு காலியாகிவிடும் என்று எங்களுக்குத் தெரியும். அடுத்தவர் வேலையைத் தன் வேலையாகச் சொல்கிற பழக்கம் கடையில் நின்றுபோனது, அதனால் வேலை சொல்வது ரொம்பச் சுருங்கிப்போனது, சிலர் வந்து நின்று, ஒண்ணுமில்ல, சும்மா வந்தேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டு நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்கள்.

சோதனைக்கு வந்த அதிகாரி, போன தடவை எழுதியதை அடித்துவிட்டு அதே இடத்தில் அவளை எழுதிக்கொண்டார்.

தெய்வசிகாமணி தினமும் உச்சிவேளைக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தான். ஆரம்பத்தில் குழைந்திருந்தது, உப்பு இல்லாமல் இருந்தது, பங்குனி வாக்கில் தின்கிற மாதிரி ஆயிற்று. அவள் சாப்பிட்டு முடித்ததும் நேராக நின்று வேலை சொல்வான். பழைய குரல் இல்லை, இழுத்து இழுத்துச் சொல்வதில்லை, மாடு கறந்தேன், புல்லு பாதிக்கட்டு, களை நாளைக்கு என்று கொஞ்சமாகத்தான் சொல்வான். சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். அவள் அசைய மாட்டாள். அவன் எழுந்துகொள்வான், எழுந்துகொள்ள முடிவதில் அவனுக்கு ஒரு வெட்கம் தெரியும், காலி வாளியை எடுத்துக்கொண்டு போவான்.

சித்திரையில் கல்யாணம் முடிந்து வினோதினி புருசன் வீட்டுக்குப் போனாள். போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொட்டகைக்குள் வந்து அம்மாவின் காலில் விழுந்தாள், அம்மா உட்கார்ந்தபடி திருநீறு பூசி அனுப்பினாள். அன்றோடு வீட்டில் அவன் ஒருத்தன்தான் என்று ஆயிற்று. ஆடி மாதம் நல்ல காற்று, ஒரு நாள் உச்சி சாய்ந்து அவன் வந்தபோது நாங்கள் அவனைக் கண்டு திடுக்கிட்டோம், ஆள் பாதியாகியிருந்தான், முடி நரைத்திருந்தது, வலது காலைச் சாய்த்து நடந்தான். வாளியை வைத்துவிட்டு நின்றான்.

"நாலு மணிக்கு ஏந்தேன். ரெண்டு மாட்டையும் கறந்து சொசைட்டியில ஊத்திட்டு வந்தேன். சாணி அள்ளினேன். தண்ணி எறைச்சேன். கொல்லையில உச்சிப்பொழுது மட்டும் களை வெட்டினேன். புல்லு அறுத்தேன், தூக்கிவுட ஆளில்ல. நெல்லு அவிச்சேன். சோறாக்கினேன். ரெண்டு பேரு துணியும் தொவைச்சேன்."

வரிசை மாறாமல் அதே வேலை. இந்தத் தடவை பொய் இல்லை, கையைப் பார்த்தாலே தெரிந்தது. கொட்டகையில் ஒருவரும் மொந்தையைத் தொடவில்லை, தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள், சொல்தா மேற்கு முனையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தெய்வசிகாமணி மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். காத்திருந்தான். நாங்களும் காத்திருந்தோம்.

அஞ்சலாட்சி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அவன் தலையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றாள். "ஆனா அது ஆறு மாசம். எனக்கு இருபத்தாறு வருசம்யா."

அவள் திரும்பத் தூணில் சாய்ந்துகொண்டாள். அவன் கையை ஊன்றி எழுந்தான், ஒரு சிரமமும் இல்லாமல் எழ வந்தது, வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினான், சாயந்தரப் பால் கறக்க நேரமாகிக்கொண்டிருந்தது.